டாக்டரிடம் அப்பா சொன்ன பொய்

சனி, இரவு

இன்று அப்பாவை ஆவடியில் பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். கீழ்வரிசையில் மூன்று பற்கள் ஈறோரம் கறுத்துச் சொத்தையாகிவிட்டன. ஒன்றைப் பிடுங்கித்தான் ஆகவேண்டுமாம். டாக்டரம்மா கேட்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"டீக்கடைக்குப் போய் பன்னும் தேன்மிட்டாயுமா திங்கிறார். சொன்னா கேக்கறதே இல்ல."

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அப்பா வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"ராத்திரி படுக்கறப்போ டானிக், சத்து பவுடர் ஏதாவது குடிக்கிறீங்களா? அதுலயும் சர்க்கரை நிறைய இருக்கும். குடிச்சிட்டு அப்படியே தூங்கினா பல்லை அரிச்சிடும்" என்றார் டாக்டரம்மா.

தினமும் பாலில் அந்தப் பவுடரைக் குவியலாகப் போட்டுக் கலக்கிக் கொடுப்பது நான்தான். "இன்னாமா, இவ்ளோ தித்திப்பா கீது" என்று அப்பா ஒருமுறை சொன்னார். "உடம்புக்கு நல்லதுப்பா, குடிங்க" என்று அதட்டினேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "ராத்திரில தண்ணி மட்டும்தாம்மா. மிட்டாய்தான் கொஞ்சம் அதிகமாப் பூடுச்சு" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் இரண்டாவதாகவே சர்க்கரை. இரவு வெறும் பால் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் கட்டிலருகே போனேன்.

"ஃபேனைக் குறைக்கட்டுமாப்பா?" என்றுதான் வாயில் வந்தது.

"வேணாம்மா. நீ போய்ப் படு" என்றார்.