சுவிட்சில் வைத்த சந்தனம்

இன்று ஆயுத பூஜை. பேத்தி கிரைண்டரைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சுவிட்சின் மேலும் ஒரு பொட்டு வைக்கப் போனபோது அவள் கையைத் தட்டிவிட்டேன். சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து எதிரில் நின்றீர்கள், மில்லில் கொடுத்த புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

தொண்ணூறுகளில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த அந்த மில்லில் நீங்கள் எலக்ட்ரீசியன். பஞ்சு பிரிக்கும் மிஷினுக்கு, மோட்டாரை ஓட்டுகிற புது டிரைவ் பெட்டி போட்டிருந்தார்கள். கதவு மூடியிருந்தால் ஒரு சின்ன சுவிட்ச் அழுந்தியிருக்கும்; திறந்தால் விடுபடும். விடுபட்டதும் டிரைவில் சொருகியிருக்கும் சேஃப்டி கார்டு என்கிற சின்னப் பலகை மோட்டாரை நிறுத்திவிடும். வாரம் தவறாமல் கதவைத் திறந்து அதைச் சோதிப்பீர்கள். "ஓடுறது என்ன பெரிசு? நில்லுன்னா நிக்கணும்" என்று சோறு தின்னும்போதுகூடச் சொல்வீர்கள். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். காதில் விழுந்தது எதுவும் மறக்காது.

பூஜைக்கு மறுநாள் மிஷின் ஓட்டும்போது பெண்டாட்டி பிள்ளைகளையும் உள்ளே விடுவார்கள். பொரிகடலையை மடியில் வாங்கிக்கொண்டு உங்கள் பின்னால்தான் நின்றேன். முந்தின நாள் யாரோ அந்தச் சுவிட்சிலும் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். கதவு மூடியபடியே இரவெல்லாம் அது காய்ந்து இறுகியிருக்கிறது. பிறகு சுரண்டி எடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

"செத்த பொறுங்க மேஸ்திரி. ஓடவிட்டு, கதவ ஒருக்கா தொறந்து நிக்குதான்னு பாத்துக்கிடுதேன்" என்றீர்கள்.

"நல்ல நாளும் அதுவுமா மொத ஓட்டத்த நிறுத்துவீராவே? தாலி கட்டுன கையோட அத்துப் பாப்பீரு போல. நாளைக்குப் பாரும்" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு ஒதுங்கினீர்கள்.

மத்தியானம் பஞ்சு அடைத்துக்கொண்டது. கதவைத் திறந்து குனிந்தீர்கள். சுவிட்ச் விடுபடாமல் சந்தனத்தில் அழுந்தியபடியே ஒட்டிக்கிடந்தது, கதவு மூடியிருப்பதாகவே கார்டு நினைத்துக்கொண்டது. மற்ற மிஷின்களின் இரைச்சலில் இது நிற்காமல் ஓடுவது உங்களுக்குக் கேட்கவில்லை. புதுத் துண்டை உள்ளே சுற்றிய உருளை பிடித்தது. பிறகு உங்களை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மேஸ்திரி, "டெஸ்ட் பண்ண மறந்துட்டாரு, பாவம்" என்றார். அந்த 'பாவம்' என்ற சொல்லைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "ஏலே, தடுத்தது நீதான?" என்று மில் வாசலில் நின்று கத்தினேன். அன்று சிரித்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "துக்கத்துல பேசுதா" என்று என்னைக் கைத்தாங்கலாக அப்பால் கூட்டிப்போனார்கள். உங்கள் சாவுக்கு நீங்களே காரணம் என்று விசாரணைக்கு வந்தவர்கள் எழுதி முடித்தார்கள்.

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அந்த மேஸ்திரி எதிரே வந்தார். கம்பூன்றும் கிழவராகிவிட்டார்.

"நல்லாருக்கியளா மதினி? எல்லாம் விதி."

"விதியா வந்து நாளைக்குப் பாரும்னு சொல்லிச்சு? நீரு சொன்னீரு."

கம்பைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடப்போவதில்லை.

பேத்தியிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்துபோய்க் கிரைண்டரை ஓடவிட்டாள். கல் சுற்றத் தொடங்கியது.

"ஏட்டி, நிறுத்து."

"மொத ஓட்டம்லா, ஆச்சி?"

"அதான் நிறுத்துங்கேன்."

கல் முழுக்க நின்ற பிறகுதான் சூடம் காட்ட விட்டேன்.