மூன்றாவது பாட்டில் வடிக்கிற சோறு

ஜூன் 17, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. பின்கட்டில் பலாப்பழம் ஒன்று பழுத்து வெடித்து, வீடெல்லாம் அந்த வாசனை.

சவூதியில், தம்மாமில் நான் கார்கோ போட்ட பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. உள்ளே: ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர் இரண்டு, இசைத்தட்டுகள் (ஒன்று ஓரம் உடைசல்), போர்வை, பால் பவுடர், தைலம். மலர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஊரில் எல்லாரும் தங்கம் கொண்டுவருகிறார்கள், என் வீட்டுக்காரர் தட்டு கொண்டுவந்திருக்கிறார் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிளேயர் பிளக்கை நேரே சொருகப் போனவன் நல்லவேளை கையை எடுத்தேன். அங்கே கேம்ப்பில் 110 வோல்ட். இங்கே 230. சொருகியிருந்தால் புகைதான் மிச்சம்.

செய்ய: புதுக்கோட்டை போய் டிரான்ஸ்பார்மர். பாசுமதி. ஏலக்காய். கீரமங்கலத்தில் வாடகைக்குப் பார்த்த கடையின் கடைக்காரருக்குப் பதில், திங்களுக்குள்.

ஜூன் 18, புதன்

பு.கோட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே. ரேடியோ ரிப்பேர் கடை பாய், கரண்டை 110க்கு இறக்கித் தரும் பெட்டி ஒன்று கொடுத்தார். செங்கல் கனம். மீட்டர் வைத்துக் காட்டினார், சரியாக 110. இனிமேல் பயப்படாமல் போடுங்க என்றார்.

சாயங்காலம் போட்டேன். புகை இல்லை, தட்டு சுற்றியது, பாட்டும் வந்தது. ஆனால் நான் அங்கே கேட்ட அந்த அம்மாளின் குரல் இல்லை. தொண்டை கட்டியவள் மாதிரி கனத்து, இழுத்து இழுத்து.

கேம்ப்பை விட்டுப் போன லெபனான் இன்ஜினியர் எங்கள் மெஸ் கிச்சனுக்குக் கொடுத்துவிட்டுப் போன செட் இது. தட்டில் ஒட்டிய பேப்பர் கிழிந்துவிட்டதால் பாடுகிறவள் பேர் எவனுக்கும் தெரியாது. ஆனால் அவள் எங்கே மூச்சு எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். தினமும் அவளைக் கேட்டுத்தான் சமைத்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கும்போது அரிசியைக் கொதியில் போடுவது, பாட்டு முடிந்ததும் வடிப்பது. இத்தனை வருஷத்தில் அதற்காக வாட்ச் பார்த்ததே கிடையாது.

மலரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கணீரென்று இருக்கிறதே என்றாள்.

அப்படியானால் என் காதுதான். சளியோடு விமானம் ஏறினது தப்பு. இறங்கும்போது இடது காதில் குத்திய குத்து, ஒரு வாரம் அடைத்தே கிடந்தது. அண்ணனுக்குக் காது போனதும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பாட்டு சரியில்லை என்றார், பிறகு ரேடியோ சரியில்லை என்றார். இப்போது கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறார்.

பயமாக இருக்கிறது. மலரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது.

பிரியாணி ஒத்திகை. கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்தக் கடையை எடுத்தால் நான் அடுப்படி, மலர் கல்லா. அவளுக்கு இது நெடுநாள் ஆசை. கடைக்கு என்ன பெயர் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அங்கே போலவே தட்டைப் போட்டு, மூன்றாவது பாட்டில் அரிசி. முடிந்ததும் வடித்தேன். குழைந்துவிட்டது. தம் போட்டுத் திறந்தால் ஒரே களி.

மலர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பிரியாணி பொங்கல் நல்லாருக்குங்க. நெய் மட்டும் கொஞ்சம் ஊத்திருக்கலாம்."

அரிசி புதுசு என்று பழியை அரிசிமேல் போட்டேன்.

ஜூன் 21, சனி

பழைய பாசுமதியாகப் பார்த்து வாங்கினேன். அதே அரை மணி ஊறல், அதே அளவு தண்ணீர், அதே உப்பு. மறுபடியும் களி.

நூற்றைம்பது பேருக்கு ஒரு சோறு ஒடியாமல் வடித்த கை இது. காதும் போய் கையும் போனால் சமையல்காரனிடம் என்ன மிச்சம்? இந்த லட்சணத்தில் அவளைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, வருகிறவன் போகிறவனிடம் ஏச்சு வாங்கித் தரவா?

கடைக்காரருக்குப் போன் செய்து, யோசிக்கணும், வேறு ஆள் வந்தால் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் மலர் வாசற்படியில். பூக்கூடை கையில் அப்படியே.

"திரும்பப் போறீகளா?"

இல்லை என்றேன்.

"போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. ஒவ்வொரு தடவையும் டிக்கெட்ட போட்டுட்டு, கடைசி வாரந்தான் எங்கிட்ட சொல்லுவீக. நானும் பொட்டியக் கட்டி அனுப்பிருவேன். இந்தத் தடவ என்னால முடியாது."

காதைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் களியைச் சாப்பிட்டோம்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காது, அண்ணன், கை, எல்லாம். சொல்லும்போது வெட்கமாகப் போயிற்று.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து முணுமுணுப்பு: வீம்பு பிடித்த மனுஷன், வாயில் கொழுக்கட்டை, எங்கள் அப்பா அப்போதே யோசித்திருக்கலாம். திரும்பி வந்து என்ன கேட்டது என்றாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுபடியும் பின்கட்டுக்குப் போய், இடது காதைப் பொத்தச் சொல்லி ஒரு தடவை, வலது காதைப் பொத்தச் சொல்லி ஒரு தடவை. இரண்டு காதிலும் என் மாமனார் வரை எல்லாம் தெளிவாக விழுந்தது.

பிறகு கேட்டாள்: "காது கெட்டா சத்தம் கொறையும். சோறு எப்படிங்க கொழையும்?"

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி ரெக்கார்டு பிளேயர் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது பாட்டு ஓடி முடிய ஏறக்குறைய எட்டரை நிமிஷம் ஆயிற்று. ஊறின பாசுமதிக்கு ஏழு நிமிஷம்தான். அதற்குமேல் தாங்காது, எனக்குத் தெரியாததா? அங்கே ஏழில் முடிந்த பாட்டு இங்கே எட்டரைக்கு இழுக்கிறது.

ஆக, நான் இல்லை. செட்தான் மெதுவாக ஓடுகிறது. அப்பாடா. உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஜூன் 23, திங்கள்

பாய்க்குப் போன். செட்டின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, படிங்க என்றார். மலர் டார்ச் அடிக்க நான் படித்தேன். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

பாய் சொன்னார்: "அட, நானும் அதப் பாக்கலியேண்ணே. வோல்ட்டேஜ மட்டுந்தான் பாத்தேன்."

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது: அந்த ஊர் கரண்ட் செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும், நம் ஊர் கரண்ட் ஐம்பதுதான். இறக்கித் தரும் பெட்டி வோல்ட்டை மட்டும்தான் இறக்கும், இதை மாற்றாது. இந்தப் பழைய மோட்டார் அந்தக் கணக்கில் சுற்றுவது. அங்கே ஆறு சுற்று சுற்றுகிற நேரத்தில் இங்கே ஐந்துதான். மோட்டார் தலையில் கொஞ்சம் பெரிய சக்கரம் கடைந்து மாட்டினால் பழைய வேகம் வந்துவிடும், லேத் பட்டறையில் சொல்லவா என்றார். சொல்லுங்க என்றேன்.

உடனே கடைக்காரருக்கும் போன். வேறு ஆள் வரவில்லையாம். சரி என்று சொல்லியாயிற்று. மலர் கிட்டவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி தேங்காய் உரிக்கப் போய்விட்டாள்.

ராத்திரி, சக்கரம் வேண்டாம் என்கிறாள். இந்த அம்மா நிதானமாகப் பாடுகிறாளாம், அதைக் கெடுப்பானேன் என்கிறாள். அவள் பாடுவதே இது இல்லை, நீ கேட்பது தப்பான பாட்டு என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே.

"நீங்க அங்கிட்டு கேட்டது எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இங்க ஒங்ககூட ஒக்காந்து கேட்டதுதான்."

ஜூன் 25, புதன்

நேற்று ராத்திரி மழை, காற்று நல்ல குளிர்ச்சி. ஊதுபத்தி வாங்க வேண்டும். லேத்துக்கு இன்னும் போகவில்லை.

மூன்றாவது தடவை பிரியாணி. கடிகாரம் சுவருக்கே போய்விட்டது. தட்டு ஓடியது, மூன்றாவது பாட்டு தொடங்க அரிசியைப் போட்டேன். மலர் அடுப்பைப் பார்க்கவே இல்லை, பாட்டைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா நீளமாக ஒரு மூச்சு எடுப்பாள். அந்த இடம் வந்ததும், "வடிங்க."

இன்னும் முடியலையே என்றேன்.

"வடிங்கங்கிறேன்."

வடித்தேன். இந்த இழுத்த பாட்டில் ஏழு நிமிஷம் அங்கேதான் விழுகிறது போல, ஒவ்வொரு சோறும் தனித்தனியாக நின்றது. மலர் பாட்டை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. தம் போட்டு மூடிவிட்டு வாழை இலை அறுக்கக் கொல்லைக்குப் போனேன், அங்கே வரைக்கும் பாட்டு கேட்டது.