மூச்சில் வந்த வாடை

டிசம்பர் 18, 2025, வியாழன்

காலையில் கழிவறைக்குப் போனால் கிண்ணத்தைச் சுற்றி எறும்பு. ஒன்றிரண்டு இல்லை. இருக்கைக்கு அடியில், தரையில் சிந்திய இடத்தில், சுவரோரமாக, எங்கும் மொய்த்துக்கொண்டிருந்தன. பல் விளக்கப் போனவள் குமட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, குளோரக்ஸ் ஊற்றி அரை மணி நேரம் தேய்த்தேன். ஐம்பத்து நாலு வயது மனிதருக்கு நேராகப் போகத் தெரியவில்லை. சீ.

என் வீட்டுக்காரர் சிவேந்திரன் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். “எறும்பு வந்தா நல்லதுதான் லா. ஒடம்புல உள்ள சீனியெல்லாம் வெளியாவுது.”

பதினோரு வருடமாக இவருக்கு இனிப்பு நீர். கோயில் கூட்டாளி கமலநாதன் தனக்கு எழுதிக் கொடுத்த புது மாத்திரையில் ஐந்தாறு அட்டையை இவருக்குக் கொடுத்திருக்கிறார். ரத்தத்துச் சீனியைச் சிறுநீரில் தள்ளிவிடும் மாத்திரை. கிளினிக்கில் கொடுத்ததோடு இதையும் சேர்த்து விழுங்குகிறார். கறித்தூளைப் பங்கு போடுவதுபோல் மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டம் இது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டால் திட்டுவாராம்.

எல்லாம் ஊசிக்குப் பயந்துதான். பிப்ரவரி பரிசோதனையில் சீனி இறங்காவிட்டால் இன்சுலின் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமனார் சண்முகரத்தினத்துக்கு ஊசி ஆரம்பித்த அதே வருடத்தில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் அழுகிய பிறகுதான் ஊசியே போட ஒத்துக்கொண்டார் அந்த மனிதர். நூறு முறை சொல்லிவிட்டேன். இவர் கணக்கில் ஊசிதான் காலைத் தின்றது.

ஆகவே வேண்டுதல். ஊசி இல்லாமல் தப்பிக்க, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி. போன திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டார், நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளை சாப்பாடு, அதிலும் சோறு கிடையாது.

டிசம்பர் 22, திங்கள்

மறுபடி எறும்பு. மறுபடி குளோரக்ஸ். என் கைத்தோல் உரிகிறது.

டிசம்பர் 27, சனி

பிரிக்பீல்ட்ஸ் டியூஷனில் நான் எடுக்கும் உயிரியல் வகுப்பில் இன்று வளர்சிதை மாற்றம். பிள்ளைகளின் கண் எல்லாம் தூங்குகிறது. சரி என்று உதாரணத்துக்குக் கிள்ளான் துறைமுகத்தை இழுத்தேன். இவர் அங்கே கிடங்கு மேற்பார்வையாளர், அந்தக் கதை எனக்கு அத்துப்படி.

சாப்பிட்ட சீனி லோரி லோரியாக ரத்தத்தில் வருகிறது. கிடங்கு என்பது உயிரணு. கதவைத் திறந்துவிடுகிற ஆள் இன்சுலின். ஆள் இல்லையென்றால் லோரி சாலையில் நிற்கும், கிடங்குக்குள் பட்டினி. அதுதான் இனிப்பு நீர். சுற்றிச் சீனி, உள்ளே பசி. இந்த இடத்தில் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. சிறுநீர் வழியாகச் சீனியை இறக்கும் மாத்திரை, எறும்பு, என் குளோரக்ஸ், எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு முழுக்க “ஈயூ” என்றது. கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது, நன்றாகத்தான் நடத்துகிறேன் என்று எனக்கே ஒரு கர்வம்.

ஜனவரி 5, 2026, திங்கள்

காலையில் சீனி பார்க்கும் மீட்டரில் 6.3. டிசம்பரில் பதினாலு, ஏழுக்குள் வந்தால் நல்லது. மீட்டரைப் படம் எடுத்துக் காவடிக் குழுவின் வாட்சப்பில் போட்டார். முப்பது பேர் கைகூப்பினார்கள். ஆறு கிலோ குறைந்திருக்கிறார், தொளதொளத்துப்போன சிலுவாரை இடுப்பில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

நானும் சந்தோஷப்பட்டேன். “பரவால்லையே” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மனிதர் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 17, சனி

இவர் வாயில் ஏதோ வாடை. பூண்டு இல்லை, சிகரெட் இல்லை. பழம் அழுகியதுபோல ஒரு இனிப்பு, அதற்கு மேலே சாய டின்னைத் திறந்ததுபோல ஒரு காரம். பக்கத்தில் படுத்து மூச்சு விட்டால் எனக்குத் தொண்டைவரை வருகிறது. விரதம் இருந்தால் வாய் நாறும்தான். ஆனால் இப்படியா?

ஜனவரி 18, ஞாயிறு

முடியவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஷாமினியின் அறைக்குப் போய்விட்டேன். மகள் பினாங்குக்கு வேலைக்குப் போன பிறகு அது காலியாகத்தான் கிடக்கிறது. விரதகாலத்தில் தனியே படுப்பதுதான் முறை என்று காரணம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

கல்யாணமான புதிதில் என் கோப்பையிலிருந்து ஒரு வாய் காப்பி குடித்தார் என்று மீதியை ஊற்றிவிட்டவள் நான். எனக்கு இப்படித்தான். எச்சில், வியர்வை, சீப்பில் சிக்கிய முடி, எதுவும் தாங்காது. கூடப்பிறந்த குணத்தை என்ன செய்ய.

ஜனவரி 22, வியாழன்

நாள் முழுக்கக் கிராம்பை மென்றுகொண்டிருக்கிறார். கிராம்பும் அந்த வாடையும் சேர்ந்து முன்னைவிட மோசம். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஜனவரி 26, திங்கள்

வேலைக்கு லீவு போட்டுவிட்டார். களைப்பாம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். “டாக்டர்ட்ட போவமா?” என்று வாசற்படியில் நின்றுதான் கேட்டேன், உள்ளே போகவில்லை. மீட்டரைத் தூக்கிக் காட்டினார். 7.1. சீனி சரியாக இருக்கும்போது என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

இன்றிலிருந்து மூன்று நாளும் பால் மட்டும். மாத்திரை மட்டும் தவறாமல். பேச்சு குறைந்துவிட்டது. எப்போது முடியும் இந்த நாற்பத்தெட்டு நாள், எப்போது இந்த வீடு வீடுபோல மணக்கும்.

பிப்ரவரி 2, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா ஒரு தாதியுடையது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. பத்துமலை ஆற்றங்கரை. தைப்பூசத்துக்கு முதல் நாள் என்பதால் கால் வைக்க இடமில்லை. எச்சில் துப்பிய தரை, மிதிபட்ட எலுமிச்சை, ஈர வேட்டிகள், கழிப்பறை வரிசை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்தவரை நடுவில் நிறுத்தினார்கள். உறுமி ஆரம்பித்தது.

அவர் கண்ணை மூடினார். மூச்சு மாறியது. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விடுகிறார், நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, நிற்கவே இல்லை. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கமலநாதன் கைகூப்பிவிட்டார். அருள் வந்துவிட்டதாம். உறுமி இன்னும் வேகமாகப் போனது, “வேல் வேல்” என்று நாற்பது தொண்டை. யாரோ ஒரு பெண் காலில் விழுந்து, மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அவருக்குப் பேச வந்தால்தானே.

மோவாயில் எச்சில் வழிந்தது. அதை மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில்தான் துண்டோடு கிட்டப் போனேன், அக்கறையில் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு போனேன். நடுவில் ஒருமுறை விட்டு இழுக்க வேண்டியதாயிற்று.

நகச்சாயம் அழிக்கிற தண்ணி. ஷாமினியின் மேசையில் எப்போதும் இருக்குமே, அதே வாடை. அசிட்டோன்.

உறுமிச் சத்தத்துக்கு நடுவில் என் பாடப்புத்தகப் பக்கம் ஒவ்வொரு வரியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கிடங்குக்குள் சீனி போகாவிட்டால் உடம்பு கொழுப்பை உருக்கும். கல்லீரல் அதைக் கீட்டோனாக்கி ரத்தத்தில் விடும். கொஞ்சம் என்றால் தாங்கும், அளவு மீறினால் ரத்தமே அமிலமாகும். அமிலத்தைக் குறைக்க நுரையீரல் கரியமில வாயுவை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். கூடவே அசிட்டோனும் வரும். மாத்திரை சீனியைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டே இருந்ததால் சாலையில் லோரி இல்லை. மீட்டர் சாலையை மட்டும்தானே பார்க்கும்.

“நிப்பாட்டுங்க. இது சாமி இல்ல. இவருக்கு ஒடம்புக்கு ஆகல” என்றேன்.

கமலநாதன் குறுக்கே வந்தார். “அருள் வந்த நேரத்துல தொடாதீங்க டீச்சர், குத்தமாயிரும்.” நான் நகரவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்து அவரே இவர் விரலில் குத்தினார். 9.2. “பாருங்க. சீனி நல்லாத்தானே இருக்கு.”

ஒரு நிமிடம் நானும் அந்த எண்ணை நம்பினேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் நம்பினேன். ஒதுங்கிக்கூட நின்றேன். பிறகு இவர் அப்படியே சரிந்து விழுந்தார். புடவையாவது ஒன்றாவது, அந்தச் சேற்றில் முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் பிஎச் 6.95. ஏழு புள்ளி நாலு இருக்க வேண்டியது. இன்சுலின் இப்போது சொட்டு சொட்டாக நரம்பில் போகிறது. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அதுதான் இப்போது அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் ராஜினி சின்னப் பெண். ஷாமினி வயதுதான் இருக்கும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். “ஆன்டி, வாய்ல இந்த வாசம் எத்தன நாளா இருந்துச்சு?”

“ரெண்டு நாள்” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஜனவரி 17. என் கையெழுத்து. பதினாலு நாள். இருபத்து மூன்று வருடமாகக் கீட்டோன் பாடம் நடத்துகிறவள் நான். பரீட்சைத்தாளில் “பழ வாடை” என்று ஒரு பிள்ளை எழுதினால் முழுப் புள்ளி கொடுப்பேன். என் கட்டிலுக்கே வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். எறும்பும் எச்சிலும் ஒரு அருவருப்பா? இந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கத்தான் அருவருப்பாக இருக்கிறது. த்தூ.

பிப்ரவரி 4, புதன்

கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் கையால் வாயை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

டாக்டர் ராஜினியிடம் போய், இரண்டு நாள் இல்லை, பதினாலு நாள் என்றேன். என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

கமலநாதன் பழத்தோடு வந்தார். சாமி பாதியில் போய்விட்டதால்தான் இவ்வளவு ஆகிவிட்டது என்று குழுவில் பேச்சாம், என்னால்தானாம். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவருடைய மாத்திரை அட்டையில் மிச்சமிருந்ததைக் கையில் கொடுத்து அனுப்பினேன். போகும்போது அவர் முகத்தில் ரத்தமில்லை. தெரிந்துதான் இருக்கிறது அவருக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, அவர் அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்பதால் நான்தான் போடுகிறேன். சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

போட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். அந்த வாடை பதினேழாம் தேதியே எனக்குத் தெரியும் என்றேன். என்ன வாடை என்று தெரிந்திருக்க வேண்டியவளும் நான்தான் என்றேன். விரதமுறை என்று சொன்னது பொய், நாற்றம் தாங்காமல்தான் போய்ப் படுத்தேன் என்றேன். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

வெகு நேரம் சட்டைப் பொத்தானையே போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும் மாதவி. நீ மூக்கப் பொத்துனத பாத்தேன். அதுக்குத்தான் கிராம்பு. பத்துமலைக்குப் போறதுக்கு முந்தி நாலு நாளா வாந்தி. பின்னால கொல்லப்பக்கம் போய் எடுத்துட்டு, பைப்புத் தண்ணிய ஊத்தி கழுவிட்டு வருவேன். ஒங்கிட்ட சொல்லல. நீ மொகத்த சுளிப்பியேன்னு.”

நாலு நாள். வாந்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையை என் முகத்துக்குப் பயந்து விழுங்கியிருக்கிறார். ஊசிக்குப் பயந்ததைவிட அதிகமாக.

அழுகை வந்தது. கொல்லைக்குப் போய் அழவில்லை, அவர் முன்னாலேயே மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அவர் துண்டை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தலையணையைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். என்னைப் பார்த்து மூச்சு விடமாட்டேன் என்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றும் சுவர்தான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சீனப் பெருநாள். பக்கத்து வீட்டுப் பட்டாசில் இருவரும் சேர்ந்தே விழித்தோம். அவர் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு தானாக என் பக்கம் புரண்டு, பல் விளக்காத வாயைத் திறந்து, என் முகத்துக்கு நேரே ஊதினார். “பாத்துச் சொல்லு.”

நான் மூக்கைத் திருப்பவில்லை. நன்றாக இழுத்து முகர்ந்தேன். இன்னொருமுறை ஊதச் சொன்னேன்.

நாறியது. வெறும் வாய் நாற்றம்.