சனிக்கிழமை எட்டுப் பேர்

19 ஆகஸ்ட் 1991, திங்கள்

காலையிலேயே புழுக்கம். குரோம்பேட்டையில் ஏறும்போதே புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. தாம்பரம் போகிற வண்டியில் உட்கார இடம். இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

ஹெச்.எம். மேடம் கூப்பிட்டனுப்பினார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனாம். லேபில் நான் நடத்துகிற சனிக்கிழமை கிளாஸையும் காட்ட வேண்டுமாம்.

"வசந்தா, இன்ஸ்பெக்டர் நல்லதா நாலு வார்த்தை சொன்னா நடத்துங்க. இல்லேன்னா லேபை டென்த் ஸ்பெஷல் கிளாஸுக்குக் குடுத்துடறேன். ஏற்கெனவே பேரன்ட்ஸ் தொல்லை தாங்கல."

எந்தத் தொல்லை என்று தெரியும். முதல் ரேங்க் பிள்ளைகளை நான் எடுக்கவில்லை. ஜூனில் ஏழாவதிலும் எட்டாவதிலும் பெஞ்சுக்கு ஒரு எரியாத டார்ச் கொடுத்தேன். "எரியல மிஸ்" என்று திருப்பிக் கொடுத்தவர்கள்தான் அதிகம். கேட்காமலே கழற்றிப் போட்டவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர்தான் கிளாஸ். ஒரு அப்பா சண்டைக்கே வந்தார். "என் பையன் ஃபர்ஸ்ட் ரேங்க். அவனை விட புத்திசாலி யாரு மேடம் இங்க?" உங்கள் பிள்ளை டார்ச்சைத் தொடவே இல்லை சார் என்று வாய் வரை வந்தது. முழுங்கினேன்.

வாங்க: பேட்டரி, ஆணி, கொ. மல்லி, வீட்டில் அவருக்கு ஷேவிங் பிளேடு.

20, செவ்வாய்

மூன்றாவது பீரியடில் எட்டுப் பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை என்றால் கிளாஸ் கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. முகங்கள் சுருங்கின. என்ன காட்டுவது என்று அவர்களே பேசட்டும் என்று விட்டேன்.

கல்பனாவின் தண்ணீர் மணி. ஏகமனதாக.

அவள் வீட்டுப் பக்கம், மேற்கு தாம்பரத்தில், குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா வேலையை விட்டுவிட்டுக் குழாயடியிலேயே கிடக்கிறாள். அதற்காகச் செய்தது. குழாய்க்குக் கீழே வைக்கிற குடத்தின் மேல் ஒரு பலகை. பலகையிலிருந்து கீழே தொங்குகிற, பேட்டரிக்கும் மணிக்கும் ஒயர் போட்ட இரண்டு ஆணி. குடத்துக்குள் தக்கையில் மிதக்கிற ஒரு தகர மூடி. தண்ணீர் ஏறினால் மூடி ஏறும், இரண்டு ஆணியையும் தொடும், மணி அடிக்கும். ஒரு மாதம் தப்பும் தவறுமாகச் செய்தார்கள். நான் தொடவில்லை.

தொடக் கூடாது என்பது இவர்கள் போட்ட சட்டம். முதல் வாரம் பெரிஸ்கோப் செய்தபோது ஜோசப்பின் கண்ணாடியை நான் கொஞ்சம் சாய்த்து ஒட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவன் அதைக் கையில் எடுக்கவே இல்லை. கேட்டால், "அது நீங்க செஞ்சது மிஸ்." அன்றிலிருந்து லேபுக்குள் என் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். மறந்து முன்னால் வந்தால் எட்டுப் பேரும் கோரஸாக, "மிஸ், கை."

22, வியாழன்

சாயங்காலம் சோதனை. குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மணி அடித்தது. மறுபடி ஊற்றினோம், அடித்தது. ஜோசப் மேஜை மேல் ஏறிக் குதித்தான். திட்டினேன். உள்ளுக்குள் நானும் குதித்தேன்.

பள்ளி முழுக்க பெயிண்ட் நாற்றம். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. பூந்தொட்டிக்குக் காவி, பாதையோரக் கல்லுக்கு வெள்ளை, கொடிக்கம்பத்துக்கு வெள்ளி. வேப்பமரத்துக்குக்கூட இடுப்பு வரை சுண்ணாம்பு. டிராயிங் சார் கேட்டார் என்று லேப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சுவரில் ஏதோ எழுத வேண்டுமாம்.

தலைவலி. வீட்டுக்கு வந்ததும் அவர் காபி போட்டுக் கொடுத்தார். மழை வரும் போல இருந்தது, வரவில்லை.

23, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் லேபைத் திறந்தால் பலகை பளபளவென்று வானநீலம். பள்ளியின் பெயர் வெள்ளையில். குடத்துக்குள் தகர மூடி ஒரு தாமரையாகி மிதந்தது, ரோஸ் இதழ்களோடு. டிராயிங் சார் வாசலில் நின்று சிரித்தார். "வெறும் தகரமா இருந்துச்சு டீச்சர். கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமேன்னு பண்ணேன்." பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதற்குள் பிரேயர் மணி அடித்து ஓடினோம். சோதித்துப் பார்க்கவில்லை.

பதினொன்றுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, பொறுமையில்லாத ஆள். கல்பனா நடுங்காமல் விளக்கினாள். ஜோசப் தண்ணீர் ஊற்றினான். தாமரை ஏறியது, ஆணிகளைத் தொட்டது.

மணி அடிக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெயிண்ட். மூடி முழுக்க எனாமல் பெயிண்ட், மின்சாரம் எப்படிப் போகும்? ஒரு வார்த்தை போதும். கை பின்னால் இருந்தது. விரல்கள் வலிக்கும்வரை இறுக்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, அடிக்கலையே" என்றார்.

கல்பனா: "ஆமா சார், அடிக்கல. ஏன்னு பாக்கறோம்."

எட்டுப் பேரும் குனிந்துவிட்டார்கள். பேட்டரியைக் கழற்றி பல்பில் வைத்தார்கள், எரிந்தது. ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்கள். சரியான வரிசை, சொல்லிக் கொடுத்தபடியே. ஆனால் மெதுவாக. கடவுளே, எவ்வளவு மெதுவாக. அவர் வாட்சைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க பாக்கக் கூடாதா?"

"அவங்களே கண்டுபிடிப்பாங்க சார்."

மேடம் என் காதில், "வசந்தா, கையை வைங்க." கெஞ்சல் மாதிரி இருந்தது. நான் அசையவில்லை. இந்த எட்டுப் பேருக்கு இருக்கிற ஒரே இடம் போய்விடப் போகிறது, நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

இன்ஸ்பெக்டர் போய்விட்டார். அடுத்த அறையில் தெர்மாகோல் அணை. ஒரு பையன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தான். யாரோ கை தட்டினார்கள்.

இங்கே ஜோசப் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து இரண்டு ஆணிக்கும் குறுக்கே வைத்தான். மணி அடித்தது. எல்லோரும் மூடியைப் பார்த்தார்கள். கல்பனா கழுத்திலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றித் தாமரையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

சுரண்டின மூடி பட்டு மணி அடித்தபோது இன்ஸ்பெக்டர் மேடம் ரூமில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நிறுத்தவே இல்லை. பியூன் முருகேசன் ஓடி வந்தான். "இன்னா டீச்சர் சத்தம் இது? நிறுத்த சொல்றாங்கோ அம்மா. சார் பேசிகினு கீறாரு."

26, திங்கள்

தூறல். லேட். ஃபர்ஸ்ட் பீரியடே மேடம்.

"நான் கெஞ்சினேன், நீங்க கேக்கல."

"ஆமாம் மேடம்."

"லேபை டென்த்துக்குக் குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொன்ன வாக்கு அது, மாற்றவில்லை. தப்பாக எடுக்க என்ன இருக்கிறது. ஆனால் எடுத்துக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். டிராயிங் சார் வந்து நின்றார். விஷயம் தெரிந்துவிட்டது போல, கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்டத்தான் காத்திருந்தேன். திட்ட முடியவில்லை. இதுவும் ஒரு எரிச்சல்.

சனிக்கிழமை கிளாஸ் இனி இல்லை என்று எட்டாம் வகுப்பில் நான் சொன்னபோது கல்பனா தலை நிமிரவில்லை.

அரிசி தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண.

31, சனி

வெயில். பழக்க தோஷத்தில் தாம்பரம் வரை வந்துவிட்டேன். ஸ்டேஷனில் இறங்கின பிறகுதான் உறைத்தது. சரி, காய் வாங்கலாம் என்று மார்க்கெட்.

கல்பனாவும் அவள் அம்மாவும். அம்மா சிரித்துக்கொண்டே, "சனிக்கெயம வூட்ல சும்மாதானே கீதுன்னு இந்தி டியூசன்ல போட்டேன் டீச்சர். இப்பதான் இட்டுகினு போறேன்." சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் திரும்பினாள்.

கல்பனா என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மிஸ், பெயிண்ட்டுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி. "தெரியும்."

"மணி அடிக்காதப்பவேயா?"

"அப்பவே."

"சொல்லியிருந்தா கிளாஸ் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். "நாங்களே கண்டுபிடிச்சோம்னு எங்க தெரு முழுக்க சொல்லிட்டேன். அம்மாவுக்கும் வீட்ல ஒண்ணு மாட்டிக் குடுத்துட்டேன். நீங்க சொல்லாம இருந்தது நல்லதுதான் மிஸ்." கடைக் கூடையிலிருந்த ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா எனக்கு உங்க மேல கோவம்."

அம்மா கூப்பிட்டாள். போய்விட்டாள், போயிட்டு வரேன் மிஸ் என்று சொல்லாமல்.