நீச்சல் வளையத்தில் ஓட்டுநர்

மார்ச் 4

என் செல்ல நர்சம்மாவுக்கு,

நலமா கண்ணு? போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எனக்கு மூலம். ரத்தமும் போகிறது. பயப்படாதே, முதல் நிலைதான். நானே பார்த்து முடிவு செய்தேன். (எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதே.) உன் மகன் விட்டுப்போன நீச்சல் வளையத்தை ஊதி, அதன்மேல் உட்கார்ந்துதான் பஸ் ஓட்டுகிறேன். கண்டக்டர் சொல்கிறான், "அண்ணே, வண்டி ஆத்துல விழுந்தா நீங்க மட்டும் தப்பிச்சிருவீங்க!"

மாத்திரைப் பெயர் எழுது, போதும்.

உன் அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பா,

எழுத மாட்டேன். ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. சதை வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டு. கையால் தள்ள வேண்டியிருந்தால் மூன்று. தள்ளியும் போகாவிட்டால் நான்கு. முதல் நிலைக்கு நீச்சல் வளையம் எதற்கு அப்பா? உங்கள் வயதில் ரத்தம் போனால், அது மூலம்தானா என்பதையே டாக்டர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கிறீர்களா, இல்லையா?

ஞாயிறுவரை பொறுப்பேன். அதற்குள் நீங்கள் அம்மாவிடம் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

உங்கள் மகள்

மார்ச் 15

கண்ணு,

கண்டுபிடித்துவிட்டாய். மூன்றுதான். இரண்டு மாதமாகக் கைவேலை. அறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் உன்னிடம் பொய் சொன்னேன்.

தண்ணீரா? நடுவழியில் வண்டியை நிறுத்தாத டிரைவர் என்று இருபத்தெட்டு வருடமாகப் பெயர் வாங்கியவன் நான். நாலரை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு வாய் குடிக்க மாட்டேன். அந்தப் பெருமைதான் இப்போது வெளியே வந்து நிற்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பேரன் ஊருக்குப் போய் மூணு மாசமாச்சு. வளையம் மட்டும் தினம் வேலைக்குப் போகுதேன்னு பார்த்தேன்" என்றாள். நாளை இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம்.

அப்பா

ஏப்ரல் 6

நர்சம்மா,

குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். மூலம்தான், வேறு எதுவும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா என் சட்டைக் கையை விட்டாள்.

கத்தி இல்லை! சதையின் அடியில் சின்னஞ்சிறு ரப்பர் வளையம் மாட்டினார்கள். ஒரு வாரத்தில் அந்தச் சதை காய்ந்து விழுந்தது. இன்னொரு முறை மாட்டுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் அறுவை. அடங்கும், நான் இப்போது கீரையும் தண்ணீருமாக, கீரைக்கட்டு மாதிரியே வாழ்கிறேன்.

இன்று தண்ணீர் பாட்டிலோடு வண்டி ஏறினேன். பாதி வழியில் முதன்முறையாக நிறுத்தி, "அஞ்சு நிமிஷம்" என்றேன். நான் இறங்குவதற்குள் என்னை இடித்துக்கொண்டு ஓடியது யார் தெரியுமா? கண்டக்டர்! ஓடிக்கொண்டே கத்துகிறான், "பன்னெண்டு வருஷமாச்சுண்ணே, இதுக்கு!"

வளையத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். பேரனிடம் எதுவும் சொல்லாதே.

இப்போது ஒழுங்காக உட்கார்ந்து எழுதும்,
அப்பா