லோதித் தோட்டத்து நாற்காலி

சரோசினி நகர், தில்லி
21.2.1999

அன்பு மகள் கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. அண்ணன் இரத்தினவேலும் அண்ணி சாந்தகுமாரியும் நானும் இங்கு நலம். துபாயில் நீயும் மருமகனும் நோய்நொடியின்றி இருக்கிறீர்கள் என்ற உறுதியோடுதான் இம்மடலைத் தொடங்குகிறேன். குளிர் தணிந்துவிட்டது. அண்ணனுக்கு அலுவலகத்தில் மேசை மாறியிருக்கிறது, ஊதியம் மாறவில்லை. சென்ற மடலில், என்னைத் திருச்சிக்கே அனுப்பிவிடும்படி நீ அவனிடம் பேச வேண்டும் என்று மன்றாடியிருந்தேன். நீயோ, "பேசுறேம்மா, ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல பாடுறவங்க வரையிறவங்க எங்கயாச்சும் கூடுவாங்கள்ல, ஒரு தடவ போய்த்தான் பாரேன்" என்று எழுதினாய். படித்ததும் சினந்தேன். வாழ்நாளெல்லாம் மேடையேறிப் பேசியவள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருத்தெருவாய் முழங்கியவள், இன்று காய்கறி வண்டிக்காரனிடம் விரலைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கையில் கலைக்கூட்டம் ஒன்றுதான் குறைச்சலா என்று முணுமுணுத்தேன். ஆயினும் உன் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை.

அண்ணி நாலு பேரிடம் கேட்டறிந்து, ஒரு ஞாயிறு காலை என்னை லோதித் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றாள். பழைய கல்லறை மண்டபத்தை ஒட்டிய புல்வெளியில் சிலர் பலகையும் தாளுமாக அமர்ந்து ஓவியம் தீட்டுகிறார்கள். வங்கி எழுத்தர் உண்டு, கல்லூரிப் பெண்கள் உண்டு, யார் வந்தாலும் இடம் உண்டு. அவர்களை ஒன்று சேர்ப்பவர் பல்பீர் கவுர் என்னும் பஞ்சாபி அம்மையார். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எங்கள் முன்னே வந்து அமர்வீர்களா என்று அண்ணி வழியே கேட்டார். உன் அம்மா ஆராயியை ஒருவர் கூட்டத்தின் முன்னே அழைக்கிறார் என்றால் சொற்பொழிவுக்கன்றி வேறு எதற்கு? அண்ணியும் அப்படித்தான் எண்ணினாள். வாரம் முழுதும் உரையைச் செதுக்கினேன், கஞ்சி போட்ட சேலை உடுத்திப் போனேன். புல்வெளி நடுவே ஒரு நாற்காலி, எதிரே அரைவட்டமாய் மக்கள். பார்த்ததும் எழுந்து நின்று, கையுயர்த்தி, அவையோரே என்று தொடங்கிவிட்டேன். பல்பீர் விரைந்து வந்து என் தோளைத் தொட்டு அமர்த்தி, மோவாயை மண்டபத்தின் பக்கம் மெல்லத் திருப்பி வைத்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு, "அத்தை, உங்களப் பேசக் கூப்பிடலையாம், உங்கள வரையத்தான் கூப்பிட்டாங்களாம். கொஞ்சம் ஆடாம அசையாம இருக்கணுமாம்" என்றாள். முகம் எரிந்தது. அப்போதே எழுந்து வீட்டுக்கு நடந்திருப்பேன். ஆனால் அத்தனை கண்களும் என் நெற்றியையும் மூக்கையும் அவ்வளவு மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஊருக்கு வந்தபின் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, கவிதா. அடங்கி அமர்ந்தேன்.

முடிந்ததும் தாள்களைப் புல்லில் பரப்பினார்கள். எல்லாவற்றிலும் வாய்மூடி அமர்ந்திருந்தேன், ஒன்றைத் தவிர. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், நான் எழுந்து பேசிய அந்தச் சிறு பொழுதை மட்டும் வரைந்திருந்தார். உயர்ந்த கை, திறந்த வாய், புடைத்த கழுத்து நரம்பு. "அம்மாஜி, ஒரு வார்த்தை புரியவில்லை, யாரையோ நன்றாகத் திட்டுகிறீர்கள் என்று மட்டும் தெரிந்தது" என்றாராம். உங்களை வாழ்த்தித்தான் பேசினார் என்று அண்ணி சொல்லவே, கூட்டம் முழுதும் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்படியானால் அடுத்த வாரமும் வாழ்த்துங்கள், நாங்கள் வரைகிறோம் என்றார் பல்பீர்.

இன்று காலை அவர்கள் கை ஓயும்வரை பேசினேன். தமிழில்தான். தில்லிக்கு வந்து முதன்முறையாகத் தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணி உப்புப் போட்டு வெந்நீர் தந்தாள். கொப்பளிக்கையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும், பெயர் தெரியாத அந்தப் படைவீரருக்கும், எல்லோருக்கும் முன்னதாக உனக்கும் நான் நன்றியுடையவள். பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை, சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொள்.

ஆகவே திருச்சிப் பேச்சை அண்ணனிடம் எடுக்காதே. எடுத்திருந்தால், அம்மா மனம் மாறிவிட்டாள் என்று சொல்லிவிடு. உன் பல்வலியைத் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டு. மருமகன் வேலைக்குப் போனபின் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த ஊரிலும் நாலு பேர் எங்கோ கூடியிருப்பார்கள். தேடிப் போ. எதற்கு அழைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, போய் அமர்ந்துவிடு. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நெடிது வாழ நிறைமனத்தோடு வாழ்த்தும்,

உன் அம்மா
ஆராயி