ஆறாம் நம்பரில் இரண்டு

ஞாயிறு, 8
சாரல் இன்னும் இறங்கவில்லை. மலைமேல் மேகம் சும்மா நிற்கிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. கோச்சிங்கில் மாதிரித் தேர்வு. கணக்கு 27, லாஜிக் 26, இங்கிலீஷ் 8. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்; இங்கிலீஷில் பத்தாவது வேண்டும். 14-ம் தேதி வங்கித் தேர்வு. அதோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. தேறாவிட்டால் ஆயுசுக்கும் மில் லேப்தான். பி.டெக். டெக்ஸ்டைல் படித்த பலன்.

மார்க் அதிகம் போவது ஒரே இடத்தில்: பிழை கண்டுபிடித்தல். ஒரு வாக்கியம், நாலு துண்டு, எந்தத் துண்டில் தப்பு? ஐந்தாவது விடை: பிழை இல்லை.

பக்கத்து பெஞ்ச் கவிதா (செட்டியார்பட்டி, பி.காம்., வாய் அதிகம்) என் பழைய விடைத்தாள்களை வாங்கிப் புரட்டினாள்.

"அண்ணே, பத்துத் தேர்வுல அஞ்சாவது விடைய ஒருவாட்டிகூட நீங்க தொடல. அது என்ன உங்க பங்காளியா, பேச்சுவார்த்தையே இல்லாம?"

"தப்பே இல்லாததை எதுக்குக் கேக்கான்?"

"உங்களால சும்மா இருக்க முடியுதான்னு பாக்கத்தான்."

எரிச்சல். வீட்டில் எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தப்பு கிடைக்காத இடத்திலெல்லாம் கடைசித் துண்டைக் குறித்திருக்கிறேன்.

திங்கள், 9
காலை ஷிப்ட். தலைவலி. வேண்டியவை: ஹால் டிக்கெட் பிரிண்ட், போட்டோ 2, நீலப் பேனா, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

லேபில் வேலை: ஒவ்வொரு மெஷின் நூலையும் கருப்புப் பலகையில் சுற்றி, தடிப்பு, முடிச்சு எண்ணி ரிப்போர்ட்டில் எழுதுவது. சேர்ந்த புதிதில் ஒருநாள் எல்லாக் கட்டத்திலும் 0. மேனேஜர் கேட்டார்: "பாத்தியா, தூங்குனியா?" அதற்குப் பிறகு எதுவும் கிடைக்காத நாளில் கடைசி மெஷினில், ஆறாம் நம்பரில், 2 என்று போட்டுவிடுவேன். ஐந்து வருடப் பழக்கம். இன்றும் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. தேர்விலும் இதையேதான் செய்கிறேன்.

வியாழன், 12
வீட்டில் இன்னொரு மாதிரித் தேர்வு. இங்கிலீஷ் 9. தூக்கமில்லை.
கேன்டீனில் பேச்சியம்மாக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். ஆறாம் நம்பர் ஓட்டுபவர்.

"ஏ தம்பி, எம்புட்டுத் தொடச்சாலும் எம் மெசின்ல மட்டும் குத்தம் எப்படி வருது? மேனேசரு தெனம் வையுதாரு."

"மெஷின் பழசுக்கா."

"பழசா? அஞ்சும் ஆறும் ஒரே லாரியில வந்து எறங்குனதுல்லா!"

வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சனி, 14
தூறல். கிருஷ்ணன்கோவில் தாண்டித் தேர்வு மையம். பிழை கண்டுபிடித்தல் ஐந்து. முதல் இரண்டில் தப்பு உடனே தெரிந்தது. மூன்றாவதை மூன்று தடவை படித்தேன். ஒன்றுமில்லை. கை தானாகக் கடைசித் துண்டுக்குப் போனது. 'ஒரே லாரியில வந்து எறங்குனதுல்லா!' கையை எடுத்து ஐந்தாவது விடையை அழுத்தினேன். நாலாம் கேள்வியும் அப்படியே. ஐந்தாம் கேள்வி புரியவில்லை, விட்டுவிட்டேன்.

வெளியே கவிதா. "என்னண்ணே, பங்காளிகிட்டப் பேசுனீங்களா?"

"ரெண்டுவாட்டி."

"அப்போ விருந்துக்குக் கூப்பிடுவாரு, பாருங்க."

தேறுவேனா, தெரியாது. பஸ்ஸில் தூங்கி, இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டேன்.

திங்கள், 16
ராத்திரி நல்ல மழை. காலை ஷிப்ட். ஆறு மெஷின், ஆறு பலகை. தடிப்பு இல்லை, முடிச்சு இல்லை. ஆறாவதை ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். இல்லை. எல்லாக் கட்டத்திலும் 0.

மேனேஜர்: "பாங்க் பரீட்சை எழுதிட்டா பெரிய ஆளோ? நூலப் பாத்தியாலே?"

"ரெண்டுதரம் பாத்தேன் சார். இல்ல."

அவரே ஆறாம் நம்பர் 0-வை அடித்து 2 என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடு."

பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.